புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கிகள்

என்னிடம் நாற்பத்தொரு துப்பாக்கிகள் இருந்தன. பயந்துவிடாதீர்கள், எல்லாம் பொம்மைத் துப்பாக்கிகள். சிவப்புக் காகித நாடாவில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்துச் சுருட்டியிருப்பார்களே, அந்தக் கேப் சுருளை உள்ளே போட்டு விசையை இழுத்தால் ‘டப்’பென்று வெடித்துக் கொஞ்சம் புகை விடும். அந்த ரகம். அதிலும் கௌபாய் துப்பாக்கிகளை மட்டும்தான் சேர்த்தேன். நீளக் குழல், வெள்ளைப் பிடி, பிடியில் குதிரைத் தலையோ மாட்டுத் தலையோ பொறித்திருக்கும். நான் பிறந்த காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்தவை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன், ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, இந்தக் கண்றாவியைப் போய்ச் சேர்ப்பானா என்று கேட்டவர்கள் உண்டு. உன் வேலையைப் பாருய்யா என்பதுதான் நான் எல்லாருக்கும் கொடுத்த பதில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இங்கே நான் எழுதப்போவதும் அந்த வாய் செய்த வேலையைப் பற்றித்தான்.

ஏன் துப்பாக்கி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். துரைக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான். பள்ளி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இடுப்பில் தோல் பெல்ட், இரண்டு பக்கமும் இரண்டு துப்பாக்கி. விளையாட ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிடுவான். சினிமாவில் கௌபாய் செவ்விந்தியனைச் சுடுகிற மாதிரி அவன் சுடுவான், நான் விழ வேண்டும். நீதான் இந்தியன் ஆயிற்றே, நீதான் சாக வேண்டும் என்பான். செத்தவன் எழுந்திருக்கக் கூடாதாம். அவன் உள்ளே போய் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு வரும்வரை நான் புல்லில் வெயிலில் கிடப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன். கை அழுக்கு என்றான். அவன் போன பிறகு வெடித்துக் கருகிய காகிதத்தைப் பொறுக்கி மூக்கில் வைத்துக்கொள்வேன். அந்த வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறது, வீட்டுச் சாமானை வாசலில் போட்டு விற்கிறார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். நான் மேசை விளக்கு வாங்கத்தான் போனேன். அங்கே ஒரு அட்டைப் பெட்டியில், கோல்ப் பந்துகளுக்கு நடுவில், குதிரைத் தலைப் பிடி போட்ட துப்பாக்கி ஒன்று கிடந்தது. கையில் எடுத்தேன். யாரும் என் கை அழுக்கு என்று சொல்லவில்லை. மேசை விளக்கை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளைக்குக் கண் கலங்கியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு விடவில்லை. பழைய சாமான் விற்கும் பாசார் காராட்டில் ஞாயிறு காலையில் போய் நிற்பேன். கிள்ளானில் ஒரு சீனப் பெரியவர், நாங்கள் ஆப்பே என்போம், பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அவரிடம் சொல்லி வைப்பேன். வாங்கி வந்ததைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக மாட்டுவேன். ரயில் போகும்போதெல்லாம் குவார்ட்டர்ஸ் அதிரும், துப்பாக்கிகள் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கும். அதைக் கேட்பதே ஒரு சுகம்.

அவற்றைப் பராமரிக்க ஒரு முறை வைத்திருந்தேன். தண்ணீர் படக் கூடாது. பழைய பனியன் துணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஏதோ ஈயக் கலவையில் வார்த்து, மேலே மெல்லிசாக முலாம் பூசியிருப்பார்கள். ஐந்நூறு பிள்ளைகள் பிடித்துத் தேய்த்தாலும் போகாத முலாம், புளிப்பு பட்டால் போய்விடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். சிலவற்றுக்கு வேண்டுமென்றே கறுப்பும் பழுப்புமாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள், பார்க்கிறவனுக்கு அது அழுக்கு மாதிரி தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

என் மனைவி கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான்காரி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சிரிக்க வைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அலமாரியைப் பார்த்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று தன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த அலமாரிக்கே ஸ்டேஷன் என்று பெயர். நான் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், ஸ்டேஷனுக்கு ஆள் வந்தாச்சு என்பாள். பிடிக்காதுதான். வீட்டில் துப்பாக்கி, அது பொம்மையாக இருந்தாலும், நல்லதில்லை என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஆனால் ஒருநாளும் எடுத்துப்போடச் சொன்னதில்லை. தொட்டதுமில்லை.

மூத்தது பெண். அவளுக்கு ஆறு வயது நடக்கும்போது என் மனைவி மறுபடியும் உண்டானாள். இது பையன்தான் என்று எனக்கு நிச்சயம். முதல் தடவையாக மனைவியை அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் சின்னதாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒன்று இருந்தது. இதுதான் பையனுக்கு முதலில், நடக்க ஆரம்பித்ததும் கையில் கொடுத்துவிடுவேன் என்றேன். அஞ்சு வயதில் இது, பத்து வயதில் இது, பெரியவனானால் ஸ்டேஷனே அவனுக்குத்தான் என்றேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அப்ப நீங்க என்ன செய்வீங்க என்று கேட்டாள். நான் செத்த இந்தியனாகக் கிடப்பேன் என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஏழாம் மாதம். குவார்ட்டர்ஸில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. லோரியில் தண்ணீர் வந்தது. நான் ஆபீசில் இருந்தேன். அவள் இரண்டு வாளி தூக்கினாள். அன்று சாயங்காலம் வலி கண்டது. மறுநாள் பையன் செத்துப் பிறந்தான். ஆமாம், பையன்தான். தண்ணீர் தூக்கியதால் இல்லை, பிள்ளைக்கு முன்பே ஏதோ கோளாறு என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கூட வாளியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காதது என் பெருந்தன்மை என்று நானே நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு மூலையில் அந்த வாளி இருந்துகொண்டே இருந்திருக்கிறது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டு வருஷம் அவள் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷன் என்ற சொல்லும் வீட்டில் நின்றுபோனது. கூட்டுகிறபோதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுக் கூட்டுவாள். நான் விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு பொம்பளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்த இரண்டாம் வருஷம் ஆயுத பூஜை. கிள்ளான் ஆப்பே காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். பத்து வருஷமாக என்னிடம் இருந்த அந்த முதல் துப்பாக்கி உண்மையில் ஒரு ஜோடியில் பாதி. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்றாகச் செய்தது. குதிரைத் தலை இரண்டிலும் எதிரெதிராகப் பார்க்கும். இடது கைத் துப்பாக்கியை நான் தேடாத இடமில்லை. அது அவர் கடைக்கு வந்திருந்தது, ஒரு கீறல் இல்லாமல். செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, உலகத்தையே வாங்கிவிட்டவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். பூஜைக்கு அவள் அம்மா பண்டமாரானிலிருந்து வந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றாள். ஊதுபத்தி வாசமும் சுண்டல் வாசமுமாக இருந்தது.

சாமி படத்துக்கு முன்னால் பெரிய வாழையிலை. அதில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், மகளின் பள்ளிப் புத்தகங்கள், என் பேனா. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாக என் துப்பாக்கிகள், அன்றைக்கு என்னிடம் இருந்த இருபத்து மூன்றும். பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமப் பொட்டு. முன்னால் ஒன்றுக்கு மட்டும் மல்லிகைப்பூ சுற்றியிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

“வந்து பாருங்க, எப்படி மின்னுதுன்னு. காலையிலேர்ந்து புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேச்சேன். உங்க ஆயுதம் இதுதான, இத வைக்காம என்ன பூஜை.”

குத்துவிளக்கு தேய்க்கிறவள். வெண்கலக் குடம் தேய்க்கிறவள். விசேஷ நாளில் வீட்டில் மதிப்பான எந்தச் சாமானையும் புளி போட்டுத் தேய்த்துத்தான் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்று வளர்ந்தவள். அவள் கையில் வேறு என்ன முறை இருக்கும்? இப்போது இதை எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. ஒன்றைக் கையில் எடுத்தேன். முலாம் போய், உள்ளே இருந்த ஈயம் வெளியே தெரிந்து பளபளத்தது. குழலைச் சாய்த்தேன், தண்ணீர் சொட்டியது. தேங்காய் நார் கிழித்த கோடுகள் குதிரையின் முகம் முழுக்க இருந்தன. அவள் அம்மா நிற்கிறார், பக்கத்து வீட்டார் நிற்கிறார்கள், பிள்ளை நிற்கிறது. நான் வாயைத் திறந்தேன்.

“உன் கை பட்டா எதுதான் உருப்படும்? வயித்துல இருந்ததையே தண்ணி தூக்கிக் கொன்னவதான நீ.”

அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மனைவி அழவில்லை. சூடம் கொளுத்தினாள். தட்டைச் சுற்றினாள். எல்லாருக்கும் காட்டினாள், எனக்கும் காட்டினாள், என் முகத்தைப் பார்க்காமல். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் மாட்டிப் பூட்டிச் சாவியைக் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தாள். சாப்பாட்டு நேரம் வந்தபோது, நான் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், மகளைக் கூப்பிட்டு உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு என்றாள்.

பேச்சை நிறுத்துவது எங்கள் ஆட்களிடம் இல்லாத வழக்கமில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் நாலு நாள், ஒரு வாரம் பிள்ளையை நடுவில் வைத்துப் பேசுவார்கள். பிறகு ஒரு நாள் உப்பு எங்கே, சாவி எங்கே என்று தானாக வந்துவிடும். அப்படித்தான் நானும் நினைத்தேன். முதல் வாரம் எனக்குத் துப்பாக்கிக் கோபமே அடங்கவில்லை. மூன்றாம் நாளே பளபளப்பு போய் எல்லாம் சாம்பல் பூத்தது. அடுத்த வாரம் ஸ்பிரிங்குகள் இறுகிக்கொண்டன. முலாம் பூசுகிற கடைக்குக் கொண்டுபோனேன். இந்த ஈயத்துக்கு மறுபடியும் ஏறாது, குதிரையின் கண்ணும் மூக்கும் மழுங்கிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

இரண்டாவது வாரம்தான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். போனேன். அடுப்படி வாசல்வரை போனேன். அவள் முதுகு தெரிந்தது. என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். ஊரையே ஏசத் தெரிந்த இந்த வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது. காலையில் நான் கிளம்பும்போது மகள் ஓடி வருவாள். மழை வரும்போல இருக்காம்பா, அம்மா குடை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க என்பாள். உங்களுக்குப் பிடிக்கும்னுதான் அம்மா இன்னைக்கு நண்டு வாங்கினாங்களாம் என்பாள். சட்டை தேய்த்து வைத்திருக்கிறார்களாம், இருமலுக்கு மருந்து வாங்கச் சொன்னார்களாம். நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். சரி, இறங்கி வருகிறாள், மனதில் வைத்துக்கொள்ளவில்லை, பழையதைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட்ட கேடுகெட்டவன் நான்.

இப்படியே பதின்மூன்று வருஷம் ஓடியது. நம்ப மாட்டீர்கள். ஒரே வீடு, ஒரே மேசை, மூன்று நாற்காலி. என் அம்மா சாவுக்கு ஒன்றாகப் போனோம், திருவிழாவுக்கு ஒன்றாகப் போனோம், நடுவில் மகள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள், பேசவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அமைதியான குடும்பம். நான் மறுபடியும் சேர்க்க ஆரம்பித்து, அந்த இடது கைத் துப்பாக்கியையும் சேர்த்து அலமாரியில் புதிதாகப் பதினெட்டு வந்துவிட்டன. வேலை விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேராக அலமாரிக்குப் போவேன். தொண்ணூறுகளில் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, இதையே சேர்க்கிற ஒருவர் வந்து பார்த்து வாயைப் பிளந்தார். பெருமைக்குப் பிஸ்கட் டின்னையும் திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாவம் போல டின்னுக்குள் வைத்தார். யார் செய்தது என்று கேட்டார். நான் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மகளுக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் பூச்சோங். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும், என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், மகள் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்தவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க?”

அம்மா எவ்வளவோ மாறிவிட்டாள், எல்லாம் சரியாகிவிடும் லா என்றேன். குடை, நண்டு, இருமல் மருந்து என்று அவளுக்கே நினைவுபடுத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதெல்லாம் அம்மா சொன்னதில்லை, நானே சொன்னது என்றாள். அம்மா சொன்னதெல்லாம் சோறு வைத்தாயிற்று என்று சொல், பில் கட்டச் சொல், அவ்வளவுதானாம். மற்றதை எல்லாம் ஒன்பது வயதிலிருந்து இவளே சேர்த்திருக்கிறாள். என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவள் நிறுத்தவில்லை, இன்னொன்றும் இருக்கிறது என்றாள்.

“பூஜை முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும்பா. ‘அப்பா சாரி சொல்லச் சொன்னாரு’ன்னு அம்மாகிட்ட போய் சொன்னேன். நீங்க சொல்லவே இல்ல, நானாத்தான் சொன்னேன்.”

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“‘அத அவரு வாயால சொல்லச் சொல்லு, நான் காத்திருக்கேன்’னாங்க. அத எப்படிப்பா உங்ககிட்ட வந்து சொல்றது? நான் பொய் சொன்னது தெரிஞ்சிரும்ல. அதுக்கப்புறம் நீங்க வேல விட்டு வர்ற நேரத்துக்கு தெனமும் ஹால்ல வந்து உக்காருவாங்க. நீங்க நேரா அலமாரிக்குப் போயிருவீங்க. நான் ஆறாம் ஆண்டு படிக்கிறப்ப உக்கார்றத நிறுத்திட்டாங்க.”

அவள் அழுதாள். என்மேல்தான் தப்பா அப்பா என்று கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டேன். உன்மேல் என்னம்மா தப்பு, எங்கள் இரண்டு பேரையும் ஒன்பது வயதில் முதுகில் சுமந்தவள் நீ என்று சொல்ல நினைத்தேன். தலையைத்தான் தடவினேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஒருத்தி தினமும் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், மூன்றடி தள்ளி நான் முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கியைத் துடைத்திருக்கிறேன். அவள் அங்கே இருந்தது எனக்கு நினைவு கூட இல்லை.

மகள் எழுந்து போன பிறகு கட்டிலுக்கடியிலிருந்து டின்னை இழுத்தேன். எல்லாம் கறுத்து, சில இரண்டாக ஒடிந்து கிடந்தன. செதுக்கு வேலையின் பள்ளங்களில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது. அடியில் அந்தச் சின்னது கிடந்தது, உள்ளங்கையில் அடங்குவது. அதன் விசையில் காய்ந்த நார் ஒன்று சுற்றியிருந்தது. மல்லிகை தொடுத்த நார். அன்று இலையில் முன்னால் பூச்சுற்றி இருந்தது இதுதான் என்று அப்போதுதான் நினைவு வந்தது. பையனுக்கு முதலில் கொடுப்பேன் என்று நான் சொன்னது. அவள் பூஜை போட்டது என் ஆயுதத்துக்கு மட்டுமில்லை. இரண்டு வருஷம் துக்கத்தில் கிடந்தவள் எழுந்து வந்து, எங்கள் பிள்ளையின் சாமானை அவளுக்குத் தெரிந்த முறையில் கழுவிப் பொட்டு வைத்து எனக்குக் காட்டியிருக்கிறாள். அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். என்னைப் போல ஒரு பாவி இருப்பானா?

கல்யாணம் கிள்ளானில் நடந்தது. வீடு நிறையச் சொந்தம், எந்த மூலையில் அவளைத் தனியாகப் பார்ப்பது? இது சாக்கு என்று எனக்கும் தெரியும். மகள் பூச்சோங் போனாள், சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். மறுநாள் ஞாயிறு, மத்தியானம். நானும் அவளும் மட்டும். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் நின்றது. சோறு வைத்துவிட்டதைச் சொல்ல அவளுக்கும் ஆள் இல்லை. மேசையில் தட்டு வைக்கிற சத்தத்தைக் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கும்படி செய்தாள். நான் போய் உட்கார்ந்தேன். மகளின் நாற்காலி எதிரில் இருந்தது, முதுகில் அவள் விட்டுப்போன துண்டோடு.

அவள் சோறு போட்டாள். ரசச் சட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். நான் அந்தச் சின்னத் துப்பாக்கியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்து, என் வாயால்.

“நான் அன்னிக்குச் சொன்னது பொய். பெரிய பாவம். நீ தண்ணி தூக்கினதால இல்லன்னு டாக்டர் சொன்னாரு, தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை மன்னிச்சிரு.”

அவள் கை சட்டியில் அப்படியே நின்றது. முடி நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது? துப்பாக்கியைப் பார்த்தாள். ஒரு விரலால் அதன் குழலைத் தொட்டாள், சூடாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அழுவாள், திட்டுவாள், அடிப்பாள், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த மகளின் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள், மெதுவாக, கோபமே இல்லாமல்.

“இப்ப எதுக்காம்னு கேளும்மா.”

நாற்காலியில் யாரும் இல்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.